ஒரே எண், மூன்று தளங்கள்

போன வாரம் பல் டாக்டரின் வரவேற்பறையில் இந்தத் தொடர்கதையின் பக்கத்தை யாராவது கிழித்துக்கொண்டு போயிருந்தால், அதனால் கதையைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும் நாலு வரி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

சின்னவள் தன் புருஷனை விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. வந்த அன்று அவளுடைய இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தையல் மெஷின்கள், துணி உருளைகள், பெரிய மகள், பெரிய மாப்பிள்ளை, அவருடைய டிரைவிங் ஸ்கூல் கார் என்று மொத்தக் குடும்பத்தையும் கிளப்பிக்கொண்டு வேறு ஊருக்கு வந்துவிட்டாள். இப்போது கீழே கர்ட்டன் தைக்கும் கூடம், மேலே மூன்று அறைகள். சின்னவளின் புருஷனுக்கு இந்த வீட்டில் பெயர் கிடையாது. 'அந்த ஆள்', அவ்வளவுதான். சின்னவளிடம் செல்போனும் கிடையாது. முன்பு இரண்டு தடவை அவள் அம்மா வீட்டுக்கு ஓடி வந்தபோதும், போனை வைத்துத்தான் அந்த ஆள் மோப்பம் பிடித்து வந்து நின்றான்.

பெரியவள் வேலை பார்ப்பது வெப்சைட்டுகளை ஆராயும் ஒரு கம்பெனியில். ஆகவே அவள் போட்ட சட்டம் இது: வெப்சைட் இல்லாத எந்த இடத்துக்கும் ஜன்னல் அளவெடுக்க சின்னவள் போகக் கூடாது. வெப்சைட் இருந்தால், பெரியவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே போகலாம். இந்தச் சட்டம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாலு பேர். நாலு பேரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள்.

இனி கதைக்கு வருவோம்.

புதன்கிழமை காலை எட்டு மணி. பெரியவள் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி வழியை மறித்தாள்.

"ஓடாதடி. ஒரு நிமிஷம் இதைப் பாத்துட்டுப் போ."

"அம்மா, முதல்ல அந்த ஊசியை வெளியே எடு. என்னைக்காவது ஒரு நாள் முழுங்கப் போற."

"முப்பது வருஷமா முழுங்கலை, இன்னைக்கா முழுங்கப் போறேன்?" அம்மா ஊசிகளை முந்தானையில் குத்திக்கொண்டாள். "தங்கும் விடுதியாம். புதுசா கட்டினதாம். பதினெட்டு ஜன்னல். மூணு மணிக்கு அளவெடுக்க வரச் சொல்லி எழுதியிருக்காங்க. வெப்சைட் இருக்கு."

பெரியவள் போனில் திறந்து பார்த்தாள். மேலே ஒரு மாடிக் கட்டடத்தின் படம், பச்சை நிறத்தில் ஒரு பொத்தான், முகவரி, பூட்டு அடையாளம். எல்லாம் இருந்தன. நேரம் எட்டு எட்டு. பஸ் எட்டு பத்துக்கு.

"ம், இருக்கு. போகச் சொல்லு."

இதைச் சொல்ல அவளுக்கு எட்டு விநாடி ஆகியிருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது தளங்களைக் குடைந்து பார்க்கிறவள், சொந்தத் தங்கைக்காகச் செலவழித்தது அந்த எட்டு விநாடிதான். என்ன செய்வது, நம் வீட்டு வேலை என்றால் எல்லோருக்குமே அலட்சியம்தான்.

"நான் கூடப் போக முடியாதே," என்றாள் அம்மா. "மூணு மணிக்கு அந்தக் கல்யாண மண்டபத்துக்காரங்க துணி பார்க்க வர்றாங்க."

"நானே கூட்டிட்டுப் போறேன் அத்தை." படியிறங்கி வந்துகொண்டிருந்த பெரிய மாப்பிள்ளை சொன்னார். "அந்த நேரத்துக்கு எனக்கு கிளாஸ் இல்லை."

வெட்டுமேஜைக்குப் பின்னால் நின்ற சின்னவள் சிரித்தாள். "மாமா கூடப் போனா ரோடு பூரா பாடம் நடக்கும். கண்ணாடியைப் பார், கிளட்சை மெதுவா விடு, பின்னாடி வர்றவனைத் திட்டாதே."

வழக்கமாக இதற்கு அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். இன்றைக்குச் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பெரியவள் அதைக் கவனிக்கவில்லை. தங்கச்சிமேல் இவருக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று மனசு குளிர்ந்து, கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

*

பெரியவளின் கம்பெனியில் மொத்தம் எட்டுப் பேர். யாராவது எதையாவது தேடினால், இவர்களுடைய வாடிக்கையாளரின் தளம் முதல் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அதுதான் வேலை. அதற்குப் போட்டிக்காரர்களின் தளங்களை வேவு பார்த்தாக வேண்டும்: எத்தனை பேர் வருகிறார்கள், என்ன சொல்லைத் தட்டி வருகிறார்கள், எந்தத் தளம் எதோடு கைகோத்திருக்கிறது. வேவு பார்ப்பதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. மூன்றை இலவசமாகச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள்.

"நாலு மணிக்குள்ள சொல்லணும், மூணுல எதை வாங்கறதுன்னு," என்றார் மேலாளர். "ரெண்டு பக்கத்துக்கு மேல எழுதாதே. நான் படிக்க மாட்டேன்."

"ரெண்டு பக்கம் எழுதினா மட்டும் படிப்பாரா?" என்று பக்கத்து நாற்காலிக்காரி முணுமுணுத்தாள்.

கருவிகளின் நிஜப் பெயர்கள் வாயில் நுழையாததால் இவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். முதல் கருவிக்கு 'ஜோசியர்', குத்துமதிப்பாகவே பேசும். இரண்டாவதற்கு 'அளப்பு', எதையும் பத்து மடங்காகச் சொல்லும். மூன்றாவது அதிகம் பேசாது, தோண்டித் துருவும். அதற்கு 'மோப்பம்' என்று பெயர்.

கருவியைச் சோதிப்பதற்குப் பெரியவளிடம் ஒரு வழி உண்டு. உண்மை என்ன என்று தனக்கு ஏற்கெனவே தெரிந்த தளத்தைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பொய் சொன்னால் அங்கேயே பிடிபட்டுவிடும். அவளுக்கு அப்படித் தெரிந்தவை இரண்டு. அம்மாவின் கர்ட்டன் கூடத்துத் தளம் ஒன்று, புருஷனின் டிரைவிங் ஸ்கூல் தளம் ஒன்று. இரண்டையும் கட்டியது அவள்தான். இரண்டிலும் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று எண்ணுவதற்கு அவள் தன் வருகைக் கணக்கின் எண்ணை, ஒரே எண்ணை, பதித்திருந்தாள். திரையில் அது தெரியாது. சட்டையின் உள்பக்கத்துத் தையல் மாதிரி, பக்கத்தின் அடியில் இருக்கும்.

சாப்பாடு முடிந்து இரண்டரைக்கு உட்கார்ந்தாள். கர்ட்டன் தளத்துக்குப் போன மாதம் நிஜமாக வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஜோசியர், 'போதிய தகவல் இல்லை' என்று கையை விரித்தது. அளப்பு, 'ஆயிரத்துத் தொள்ளாயிரம்' என்றது.

"அடேயப்பா! எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இன்னும் நாலு மெஷின் போட்டுடுவா," என்றாள் பெரியவள்.

மோப்பம், 'இருநூற்று முப்பது' என்றது. பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன் கீழே ஒரு கட்டம் இருந்தது, மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று. 'இதே எண்ணைப் பயன்படுத்தும் மற்ற தளங்கள்.' டிரைவிங் ஸ்கூலைக் காட்டும் என்று எதிர்பார்த்து அழுத்தினாள். காட்டியது.

அதற்கும் கீழே இன்னொன்றையும் காட்டியது.

முதலில் அவள் கருவியைத்தான் சந்தேகப்பட்டாள். அவள் கட்டியது இரண்டு தளம், மூன்றாவது எங்கிருந்து வரும்? அறிக்கைக்கு ஒரு குறை கிடைத்தது என்று பேனாவைக்கூட எடுத்தாள். அப்புறம்தான் அந்தத் தளத்தின் பெயரைப் படித்தாள்.

காலையில் செருப்பைத் தேடிக்கொண்டே பார்த்த தங்கும் விடுதி.

பேனாவை வைத்துவிட்டாள். அந்தத் தளத்தின் பெயர் பதிவான நாளை மோப்பத்திடமே கேட்டாள். பத்தொன்பது நாள் முன்பு. பக்கத்தை இப்போது பெரிய திரையில் திறந்தாள். அதே மாடிக் கட்டடம், அதே பச்சைப் பொத்தான். அந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூலுக்காக அவளே தேர்ந்தெடுத்த பச்சை அது. காலையில் போனில் பார்த்தபோது அடிவரைக்கும் இறங்கவில்லை. இப்போது இறங்கினாள். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், யாரோ அழிக்க மறந்த ஒரு வரி கிடந்தது.

'முதல் வகுப்பு இலவசம்.'

தங்கும் விடுதியில் எதற்கு வகுப்பு?

ஆறு மாதத்துக்கு முன், "வெப்சைட்ல கிளாஸ் நேரம் மாத்தறதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க, நீங்களே கத்துக்கோங்க," என்று புருஷனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பழைய பக்கத்தை அப்படியே காப்பி எடுங்க, எழுத்தையும் படத்தையும் மட்டும் மாத்துங்க, முடிஞ்சது வேலை. அடியில் ஓர் எண் இருக்கிறது என்பதை அவள் சொல்லவே இல்லை. அவருக்கு அது வேண்டியிருக்காது என்று விட்டுவிட்டாள்.

கூடாது, தப்பாக எண்ணக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரோ விடுதிக்காரர் அவரிடம் வண்டி பழக வந்திருக்கலாம். எனக்கும் ஒரு தளம் போட்டுக் கொடுங்க என்று கேட்டிருக்கலாம். அப்படியானால் காலையில் பக்கத்தில் நின்றபோதே, 'அது நான் போட்டதுதான்' என்று பெருமையாகச் சொல்லியிருப்பாரே. ஒரு பல்பு மாற்றினாலே நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுகிற மனுஷன்.

வருகையை எண்ணும் தன் சொந்தக் கணக்கைத் திறந்தாள். இந்த மாதம் நாற்பது வருகை கூடியிருந்ததைப் போன வாரமே பார்த்திருந்தாள். தன் சாமர்த்தியம் என்று நினைத்து மகிழ்ந்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் அந்த நாற்பதும் விடுதிப் பக்கத்துக்கு வந்தவை. மூலையில் இன்னொரு எண்: இந்தப் பக்கத்தை இந்த நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், இரண்டு பேர்.

ஒருத்தி அவள். இன்னொருவர் யார்?

மணி இரண்டு ஐம்பது.

புருஷனுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. கூடத்துப் போனுக்கு அடித்தாள்.

"அம்மா, சின்னவ எங்கே?"

"அவ போயாச்சே. ரெண்டேகாலுக்கே கிளம்பிட்டாங்க. மாப்பிள்ளைதான் அவசரப்படுத்தினார், ரோடு நெரிசலா இருக்கும்னு. ஏன்டி, மூச்சு வாங்குது உனக்கு?"

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. அது விடுதி இல்லை. அந்த வெப்சைட்டை நம்ம வீட்டு ஆள்தான் பண்ணியிருக்கார். உன் மாப்பிள்ளை."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை.

"நீ பாத்துட்டுத்தானேடி சொன்னே?"

பெரியவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "ஆமாம்மா. சரியா பாக்கலை. போனை வை, நான் பாத்துக்கறேன்," என்றாள். என்னத்தைப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து வந்து தோளில் கை வைத்தாள். "என்ன ஆச்சு? முகமே வெளுத்துப் போச்சு?"

பெரியவள் திரையில் இருந்த முகவரியைக் காட்டினாள். "போலீஸுக்கு போன் போடு. இந்த இடத்துக்கு உடனே போகச் சொல்லு. என் தங்கச்சியை ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அவ புருஷன் அங்கே இருப்பான். ஏற்கெனவே அவ கையை உடைச்சவன்."

அந்தப் பெண் நல்லவள். ஏன் எதற்கு என்று கேட்காமல் போனை எடுத்தாள். இருவரும் பேசிக்கொண்டே படிக்கட்டுக்கு ஓடினார்கள். மேலாளர் கண்ணாடிக் கதவைத் திறந்து, "நாலு மணிக்கு அறிக்கை..." என்று ஆரம்பித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெரியவளின் போன் அடித்தது. புருஷன்.

"என்ன, ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கே?" சாதாரணமாகப் பேச முயன்றார், பாவம். குரல் ஒத்துழைக்கவில்லை.

"வண்டி எங்கே நிக்குது?"

"எங்கேன்னா... விடுதிக்கு வெளியே. ஏன்?"

"அந்தத் தளத்தை நீங்கதான் போட்டீங்க. இல்லைன்னு சொல்லி நேரத்தை வீணாக்காதீங்க. சின்னவ எங்கே?"

"உள்ளே. பேசிட்டு இருக்காங்க."

"யாரோட?"

"இங்க பாரு, நீ கோபப்படாம..."

"யாரோடங்க?"

"சகலையோட."

பெரியவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் ரொம்ப மாறிட்டான்," அவர் வேகவேகமாகப் பேசினார். "என்னைத் தேடி வந்து, கார்ல உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதான். என் டிரைவிங் ஸ்கூல் பேரைத் தட்டினா முதல்லயே வருதாம், அப்படித்தான் கண்டுபிடிச்சானாம். ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேக்கணும்னான். கூப்பிட்டா அவ வர மாட்டா, உனக்கும் அத்தைக்கும் தெரிஞ்சா விட மாட்டீங்க. அதான்... நான் என்ன கெட்டதா நினைச்சேன்? எத்தனை நாளைக்கு எல்லாரும் ஒளிஞ்சு வாழறது? நானும் பதினாலு வருஷம் நடத்தின ஸ்கூலை விட்டுட்டுத்தானே வந்தேன்? பத்து நிமிஷம் பேசிட்டா எல்லாம் சரியாயிடும்னு..."

முதல் இடத்தில் வருகிறதாம். அதைக் கொண்டுவர அவள் மூன்று மாதம் உழைத்திருந்தாள். கர்ட்டன் தளத்தில் ஒரு பெயரோ முகவரியோ வராமல் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு, புருஷனின் ஸ்கூல் பெயரைத் தட்டியும் ஒருவன் வரலாம் என்று தோன்றாமல் போய்விட்டது.

"எவ்வளவு நேரமாச்சு அவ உள்ளே போய்?"

"ஒரு... இருபத்தஞ்சு நிமிஷம்."

"பத்து நிமிஷம்னீங்க."

"நல்லபடியா பேசறாங்க போலிருக்குன்னு நினைச்சேன். நடுவுல போய்க் கெடுக்க வேண்டாம்னு..."

"உள்ளே போனப்போ அவ என்ன சொன்னா?"

சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்கறேன் இல்லே? அவனைப் பாத்ததும் அவ என்ன சொன்னா?"

"மாமான்னு கூப்பிட்டா." அவர் குரல் உடைந்தது. "என்னைத் திரும்பிப் பாத்து, மாமான்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டா. நான் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

பெரியவளுக்கு அந்த நிமிடம் அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. பதினொரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். அவள் தலைவலி என்றால் கால் தரையில் படாமல் ஓடுகிற மனுஷன்.

"இறங்குங்க. இப்போ. போன் காதுல இருக்கட்டும். போய்க் கதவைத் திறங்க."

"அவன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான். என் சகலை..."

"அவன் உங்க சகலை இல்லை. என் தங்கச்சி கையை உடைச்சவன். இறங்குங்க!"

கார்க் கதவு திறக்கும் சத்தம். சரளைக் கல்லில் செருப்புச் சத்தம். அப்புறம் தட்டும் சத்தம். முதலில் நாகரிகமாக, விருந்துக்கு வந்தவர் மாதிரி தட்டினார். பிறகு கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். சின்னவளைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சகலையைக் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

"உள்பக்கம் தாழ் போட்டிருக்கு," என்றார்.

"பின்பக்கம் போங்க."

ஓடுகிற சத்தம். மூச்சு இரைத்தது. பிறகு கால்கள் நின்றுவிட்டன.

"சொல்லுங்க."

"இங்கே ஒரு வெள்ளை வண்டி நின்னுச்சு. வரும்போது பாத்தேன். கட்டட வேலைக்காரங்க வண்டின்னு நினைச்சேன்."

"இப்போ?"

"இல்லை." அறை அறையாக ஓடும் சத்தம் கேட்டது. அவர் அழ ஆரம்பித்திருந்தார். "பின்கதவு திறந்து கிடக்கு. வீட்டுக்குள்ளே யாரும் இல்லை. ஒரு சாமான்கூட இல்லை. வெறும் வீடு. நான் முன்னாடிதான் உக்காந்திருந்தேன், சத்தியமா எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலை..."

படிக்கட்டில் ஒரு படி கீழே நின்ற பக்கத்து நாற்காலிக்காரி, தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வண்டி அனுப்பிட்டாங்களாம். விவரம் எழுதிக்கறாங்க. உன் தங்கச்சியை அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் விட்டது யாருன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

பெரியவளின் காதில் அவர் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தார். வேண்டாம், என் பேரைச் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அவளுக்குச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"என் வீட்டுக்காரர்," என்றாள்.